பழைய டார்ச்: இழை பல்போடு காப்பதா, எல்இடி பல்பு மாட்டுவதா, உள்ளே மாற்றிக் கட்டுவதா?

பழைய டார்ச் லைட்டுகளைச் சேர்த்துப் பழுது பார்க்கத் தொடங்கியவர்கள் எல்லோரும் சீக்கிரமே ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். கையில் நிக்கல் முலாம் பூசிய பித்தளை டார்ச் ஒன்று இருக்கிறது. சுவிட்சைத் தள்ளினால் மங்கலாக மஞ்சள் காட்டிவிட்டு அணைந்துபோகிறது. இதைத் துடைத்தெடுத்து, அதே மாதிரி இழை பல்பு போட்டு, பிறந்தபடியே எரிய விடுவதா? ரெடிமேட் எல்இடி பல்பு ஒன்றை வாங்கி மாட்டிவிடுவதா? அல்லது பல்பு ஹோல்டரையே எடுத்துவிட்டு எல்இடி, கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் டிரைவர், லித்தியம் செல் என்று உள்ளே புது டார்ச் ஒன்றைக் கட்டிவிடுவதா?

மூன்றுமே நல்ல வழிகள்தான். ஆனால் எல்லா டார்ச்சுக்கும் மூன்றும் பொருந்தாது. எத்தனை லூமன் (வெளிச்சத்தின் அளவு) கிடைக்கும் என்று பார்த்துத்தான் பெரும்பாலோர் முடிவெடுக்கிறார்கள். அதைக் கடைசியாகப் பார்த்தால் போதும் என்பது என் கருத்து. நாளைக்கு மனம் மாறினால் இந்த டார்ச்சைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா என்பதுதான் முதல் கேள்வி.

## எதையெல்லாம் பார்த்து முடிவெடுப்பது

திரும்பும் வழி. கழற்றினால் பழையபடி ஆகிற மாற்றம் வேறு, ரம்பமும் டிரில்லும் பட்ட மாற்றம் வேறு. ரிஃப்ளெக்டரின் அடிக்கழுத்தை அறுத்துவிட்டால் அது இனி இழை பல்புக்கு உதவாது. உற்பத்தி நின்றுபோன மாடல் என்றால், இன்னொரு டார்ச்சைப் பலி கொடுத்தால்தான் மாற்று உறுப்பு கிடைக்கும்.

வெப்பம். இழை பல்பு தன் சூட்டின் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராக வெளியே வீசிவிடும். எல்இடி தரும் ஒளியில் சூடு மிகக் குறைவு, ஆனால் எல்இடிக்குள்ளேயே சூடு பிறக்கிறது. அது அடிப்பாகம் வழியாக உலோகத்துக்குள் இறங்கி, உடலுக்குப் பரவி, கைக்கும் காற்றுக்கும் போய்ச் சேர வேண்டும். பழைய டார்ச்சுகளில் பல்பைத் தாங்குவது பெரும்பாலும் பிளாஸ்டிக்கோ ஃபைபர் வளையமோதான். அந்த இடத்தில் சூடு நகர வழியே இல்லை.

மின்பாதை. இந்த டார்ச்சுகளின் ஸ்பிரிங், ரிவெட், தகட்டுச் சுவிட்ச் எல்லாம் அரை ஆம்பியர், அதிகம் போனால் ஒரு ஆம்பியர் ஓடும் என்று கணக்கிட்டுச் செய்தவை. அதன் வழியே மூன்று ஆம்பியரை ஓட விட்டால் முதலில் சூடாவது ஸ்பிரிங்தான்.

கற்றையின் வடிவம். ரிஃப்ளெக்டர் ஒரு பரவளையக் கிண்ணம். அதன் குவியத்தில் ஒளி பிறந்தால்தான் கற்றை நேராகப் போகும். இழை எல்லாப் பக்கமும் ஒளி வீசும், எல்இடி முன்பக்கம் மட்டும் வீசும். ஒன்றுக்காக வார்த்த கிண்ணத்தில் மற்றொன்றை வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

செல் உள்ளே கிடக்கும் காலம். அன்றாடம் எடுக்கிற டார்ச்சா, அலமாரியில் மாதக்கணக்கில் கிடக்கிற டார்ச்சா என்பது பலரும் கணக்கில் எடுக்காத அளவுகோல். பழைய டார்ச்சுகளைக் கொல்வது பெரும்பாலும் உபயோகம் அல்ல, உள்ளே மறந்துபோன செல்.

இவற்றோடு உங்களிடம் உள்ள கருவிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டர் மட்டும் இருந்தால் முதல் இரண்டு வழிகளுக்குப் போதும். மூன்றாவதுக்கு சால்டரிங் அயர்ன், வெர்னியர் காலிப்பர், லித்தியம் செல்லுக்கான நல்ல சார்ஜர் இல்லாமல் இறங்க வேண்டாம்.

## எந்த வழியானாலும் முதலில் சுத்தம்

மங்கலாக எரிகிற பழைய டார்ச்சுகளில் பாதிக்கு மேல் பல்பிலும் செல்லிலும் கோளாறே இருக்காது. கோளாறு தொடுமுனைகளில் இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு செல் டார்ச்சின் சாதாரண பல்பு 2.4 வோல்ட், 0.5 ஆம்பியர். அந்தப் பாதையில் களிம்பும் துருவும் சேர்ந்து ஒரே ஒரு ஓம் தடையைக் கூட்டினால், பல்புக்குச் சுமார் 2 வோல்ட்தான் போய்ச் சேரும். இழை பல்பின் ஒளி வோல்டேஜின் ஏறக்குறைய 3.4-ஆவது அடுக்காக மாறும். எனவே ஆறில் ஒரு பங்கு வோல்டேஜ் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இதைச் சரி செய்யாமல் எல்இடிக்குப் போகிறவர்கள் கோளாறைப் புது பல்புக்குள் மறைத்து வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

உள்ளே ஒழுகியிருப்பது எந்த வகை செல் என்று தெரிந்துகொண்டு கை வையுங்கள். ஆல்கலைன் செல்லில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கடுமையான காரம். காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் பொருக்காகப் படிந்திருக்கும். வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்தால் பொருக்கு நுரைத்துக் கரையும். பழைய கார்பன் ஜிங்க் செல்லின் கசிவு இதற்கு நேர்மாறு, அமிலத்தன்மை கொண்டது. அதற்குச் சமையல் சோடா கரைத்த நீர். அந்த வகை செல்லில் வெளிக்கூடே துத்தநாகம், அதுவே மின்சாரம் தரத் தரக் கரைகிறது. தீர்ந்துபோன கார்பன் ஜிங்க் செல்லில் ஓட்டை விழுவது அதனால்தான். இரண்டில் எதைத் துடைத்தாலும் பிறகு சுத்தமான நீரால் துடைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்து, முழுக்கக் காய விடுங்கள். கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

அலுமினிய உடலுக்குள் ஆல்கலைன் செல் ஒழுகியிருந்தால் அவசரம் அதிகம். காரம் அலுமினியத்தை அரிக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அரித்த உலோகமும் பொங்கிய செல்லும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தட்டினாலும் வராது. வினிகரை ஊற்றி ஊறவிட்டு, பின்பக்கம் மரக்குச்சியால் தட்டி மெல்ல நகர்த்திப் பாருங்கள். டிரில் போட்டு இழுக்கிறவர்களும் உண்டு. செல்லுக்குள் இருக்கும் காரம் முகத்தில் தெறிக்கலாம் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பித்தளை டார்ச்சில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தள்ளு சுவிட்சின் அடியில் ஓடும் மெல்லிய தகடும், அதை உடலோடு பிணைக்கும் ரிவெட்டும். வெளியே பளபளக்கும், டார்ச்சைச் சாய்த்து உள்ளே வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தால் ரிவெட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு ஒரு வளையமாகக் கட்டியிருக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தகட்டிலும் மற்றதை உடலின் உட்புறத்திலும் வையுங்கள். ஓமில் ஏதாவது பின்னம் காட்டினாலும், சுவிட்சை அசைக்கும்போது எண் தாவினாலும், கோளாறு அங்கேதான். நீண்ட குச்சியில் சுற்றிய துணியில் தொடுமுனை சுத்திகரிப்பானைத் தொட்டு ரிவெட்டைத் தேய்த்து, சுவிட்சை முன்னும் பின்னும் பலமுறை தள்ளினால் பெரும்பாலும் சரியாகிவிடும். உப்புத்தாள் வேண்டாம், நிக்கல் முலாம் போனால் அடுத்த களிம்பு இன்னும் சீக்கிரம் வரும். பென்சில் அழிப்பான் போதும். ஸ்டீல் உல் டார்ச்சுக்குள் வரவே கூடாது. அதன் இழைகள் உடைந்து உள்ளே தங்கி ஷார்ட் சர்க்யூட் ஆக்கும்.

ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைக்காதீர்கள். பிளாஸ்டிக் மேல் ஆவியாகப் படிய வைத்த அலுமினியப் பூச்சு அவ்வளவு மெல்லியது, ஒரு முறை துடைத்தாலே கீறல் தங்கிவிடும். காற்று ஊதி தூசியை எடுங்கள். மீறி அழுக்கு இருந்தால் ஒரு சொட்டு சோப்புக் கலந்த காய்ச்சி வடிகட்டிய நீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள்.

## வழி 1: இழை பல்போடு அப்படியே காப்பது

இதில் செய்வது குறைவு, தெரிந்துகொள்ள வேண்டியது அதிகம். முதலில் பல்பின் அடியைப் பாருங்கள். திருகு அடி இருந்தால் இ10. விளிம்பு கட்டிய அடி இருந்தால் பி13.5எஸ், அதாவது பிஆர் வரிசை பல்பு. பிஆர் வகையில் விளிம்புக்கும் இழைக்கும் இடையிலுள்ள தூரம் வரையறுக்கப்பட்டது. அதனால் பல்பு மாற்றினாலும் இழை அதே குவியத்தில் போய் உட்காரும்.

வரிசை எண்ணும் முக்கியம். பிஆர்2 பல்பு 2.38 வோல்ட், பிஆர்3 3.57 வோல்ட், பிஆர்13 4.75 வோல்ட். மூன்றும் 0.5 ஆம்பியர். இந்த எண்களை 2, 3, 4 செல்களால் வகுத்துப் பாருங்கள், ஒரு செல்லுக்குச் சுமார் 1.19 வோல்ட் வரும். எரியும்போது செல்லின் வோல்டேஜ் 1.5-இல் நிற்காது என்று தெரிந்தே இந்தப் பல்புகள் செய்யப்பட்டன. ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் ஒன்று ஏறக்குறைய அதே 1.2 வோல்ட்டைச் சுமையிலும் விடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் பழைய பல்புக்கு இன்று கிடைக்கும் மிகப் பொருத்தமான துணை அதுதான். 1.2 வோல்ட் என்பதால் மங்கும் என்ற பயம் இழை பல்பு விஷயத்தில் தேவையில்லாதது.

பிஆர்2 தரும் மொத்த வெளிச்சம் சுமார் 10 லூமன், ஆயுள் 15 மணி நேரம். இன்றைய கண்ணுக்கு இது சிறிது. ஆனாலும் அந்தப் பத்து லூமனும் ரிஃப்ளெக்டரில் பட்டு ஒரே கற்றையாகத் திரள்வதால் இருட்டில் அறையைக் கடக்கவும் ஒரு பொருளைத் தேடி எடுக்கவும் தாராளமாகப் போதும். இழையின் ஒளியில் நிறங்கள் அசலாகத் தெரியும். சிஆர்ஐ அளவில் (நிறங்களை எவ்வளவு அசலாகக் காட்டுகிறது என்ற அளவு) நூறை ஒட்டி வரும் இந்த ஒளியை எந்த எல்இடியும் முழுதாக எட்டுவதில்லை. செல் தீரத் தீர ஒளி மெல்ல மஞ்சளாகி முன்கூட்டியே எச்சரிக்கும்.

மறைந்த செலவு பல்புதான். 15 மணி நேர ஆயுள் என்றால், அடிக்கடி எரிக்கிறவர் மாற்று பல்புகளைச் சேர்த்து வைக்க வேண்டும். கிரிப்டான், செனான் நிரப்பிய பல்புகள் வெண்மையாக எரியும், கரண்ட்டும் அதிகம் இழுக்கும். வாங்கப் போவதற்கு முன் வால்மூடியைக் கழற்றி ஸ்பிரிங்குக்கு உட்புறம் பாருங்கள். பல மாடல்களில் உபரி பல்பை அங்கேதான் வைத்திருப்பார்கள், எத்தனையோ உரிமையாளர்கள் கை மாறியும் யாரும் தொடாமல் அது அங்கேயே இருக்கும்.

அதிக வோல்டேஜ் கொடுத்து இழையை வெளுக்க எரிக்கும் பொழுதுபோக்கும் உண்டு. அதில் ஒளி வோல்டேஜின் 3.4-ஆவது அடுக்காகக் கூடும்போது ஆயுள் ஏறக்குறைய 12-ஆவது அடுக்காகக் குறையும் என்பதை மறக்கக் கூடாது. மூன்று செல் பல்பான பிஆர்3-க்கு முழு சார்ஜில் உள்ள லித்தியம் செல் ஒன்றின் 4.2 வோல்ட்டைக் கொடுத்தால் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகும், 15 மணி நேரம் இரண்டு மணி நேரமாகச் சுருங்கும். இரண்டு லித்தியம் செல்களைத் தொடராகப் போட்டால் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

இதுவே சிறந்தது: டார்ச் அரிதானதாக இருந்தால், உடல் பித்தளையாகவோ ஃபைபராகவோ இருந்தால், மூலப் பல்பு ஹோல்டர் முழுசாக இருந்தால். டேவிட் மைசெல் பெற்ற டார்ச் காப்புரிமை 1899-ஆம் ஆண்டுக்குரியது. அந்தத் தொடக்க காலத்தைச் சேர்ந்த குழாய் டார்ச் உங்களிடம் இருந்தால் அதில் எரியும் பல்பைக்கூடப் போடாமல், சுத்தம் செய்து மட்டும் வையுங்கள்.

## வழி 2: ரெடிமேட் எல்இடி பல்பு மாட்டுவது

பழைய பல்பின் அடி போலவே அடி கொண்ட எல்இடி பல்பு. கழற்று, மாட்டு, மூடு. பழைய பல்பைப் பத்திரமாக வைத்தால் எந்த நாளும் திரும்பலாம். அதனால் திரும்பும் வழி என்ற அளவுகோலில் இது முதல் வழிக்கு அடுத்தபடி நிற்கிறது.

மாட்டியும் எரியாவிட்டால் பல்பு கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இழைக்கு நேர், எதிர் என்ற வேறுபாடு கிடையாது, எல்இடிக்கு உண்டு. செல்லின் எதிர்முனை பல்பைத் தொடும்படி அமைந்த பழைய டார்ச்சுகள் சில உள்ளன. அவற்றில் சாதாரண எல்இடி பல்பு எரியாது. செல்களைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள், அல்லது இரு திசையிலும் வேலை செய்யும் பல்பை வாங்குங்கள்.

அடுத்தது வோல்டேஜ். வெள்ளை எல்இடிக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். இரண்டு செல் டார்ச்சில் புது செல் போட்ட சில நிமிடங்களுக்கு மட்டும்தான் அது கிடைக்கும். எனவே வோல்டேஜை உயர்த்தும் பூஸ்ட் சர்க்யூட் உள்ள பல்பா என்று பாருங்கள். நான்கு, ஐந்து செல் டார்ச்சுக்கு அதே பல்பைப் போட்டால் கருகிவிடும். பல்பின் மேல் எழுதிய வோல்டேஜ் எல்லையைப் படித்து, ஒரு செல்லுக்கு 1.6 வோல்ட் என்று கணக்கிட்டு வாங்குங்கள். புது ஆல்கலைன் செல் அந்த அளவுக்கு வரும்.

கற்றை விஷயத்தில் ஏமாற்றத்துக்குத் தயாராக இருங்கள். எல்இடி நேர் முன்னால்தான் அதிகமாக ஒளி வீசும். அந்த ஒளி ரிஃப்ளெக்டரைத் தொடாமலே வெளியே சிதறும். அதனால் மொத்த வெளிச்சம் பல மடங்கு கூடினாலும் தூரத்துக்குப் பாயும் நடுப்புள்ளி அதே அளவு கூடாது. எல்இடி குவியத்தில் உட்காராவிட்டால் நடுவில் இருண்ட வட்டம் ஒன்று விழும். தலையைத் திருகிக் குவியம் மாற்றும் டார்ச்சில் இதை ஓரளவு சரி செய்யலாம், நிலையான தலையில் முடியாது. சின்னச் சின்ன 5 மி.மீ. எல்இடிகளைக் கொத்தாக வைத்த பல்புகளைத் தவிர்த்துவிடுங்கள். அவை ரிஃப்ளெக்டரைச் சற்றும் பயன்படுத்துவதில்லை. ஒற்றை எல்இடி வைத்ததையே வாங்குங்கள். நிறம் வெதுவெதுப்பாகவும் சிஆர்ஐ 90-க்கு மேலும் இருந்தால் பழைய டார்ச்சின் முகத்துக்கு அது பொருந்தும்.

இந்த வழியின் பெரிய மறைந்த செலவு செல்லில் இருக்கிறது. பூஸ்ட் சர்க்யூட் செல் ஏறக்குறைய தீரும்வரை ஒரே அளவு வெளிச்சம் காட்டும். இழை பல்பு கொடுத்த எச்சரிக்கை இங்கே இல்லை. மின்செலவு குறைவு என்பதால் வருடக்கணக்கில் செல்லை மாற்ற நினைவும் வராது. கடைசித் துளி வரை உறிஞ்சப்பட்ட ஆல்கலைன் செல் ஒழுகும் வாய்ப்பு மிக அதிகம். பல பத்தாண்டுகள் தாங்கிய பித்தளை உடல் எல்இடி போட்ட பிறகு உள்ளே அரித்துப்போவது இப்படித்தான்.

ஒரு வாட்டுக்கு மேல் போகும் பல்பை பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டவும் வேண்டாம். சூடு போக வழியில்லாமல் பல்பு தானே மங்கும், ஹோல்டர் இளகும்.

இதுவே சிறந்தது: உற்பத்தி நிறையவே நடந்த, இன்னும் உபயோகத்தில் உள்ள டார்ச்சுக்கு. கருவி ஏதும் இல்லாதவருக்கு. வேண்டும்போது இழை, வேண்டும்போது எல்இடி என்று மாற்றி மாற்றிப் பார்க்க விரும்புகிறவருக்கு.

## வழி 3: உள்ளே மாற்றிக் கட்டுவது

இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான கைவேலை இதில்தான். வேலை நான்கு பகுதி: எல்இடியைச் செப்புத் தகட்டின் மேல் சால்டர் செய்வது, அதை உடலோடு சூடு கடத்தும்படி பொருத்துவது, டிரைவர் மூலம் கரண்ட்டைக் கட்டுப்படுத்துவது, செல்லை உள்ளே ஆடாமல் நிறுத்துவது.

முதல் இரண்டும் சேர்ந்து டார்ச்சின் தலைவிதியைத் தீர்மானிக்கும். எல்இடியின் நடுப்பட்டை நேரடியாகச் செம்பைத் தொடும் வகைத் தகட்டை வாங்குங்கள். அந்தத் தகட்டை சூட்டை இழுத்துக் கடத்தும் அலுமினியம் அல்லது செம்புக் கட்டியான ஹீட் சிங்க்கில் வைத்து, நடுவே வெப்பப் பசையை மெல்லிதாகத் தடவி, ஹீட் சிங்க் குழாயின் உட்சுவரை இறுக்கமாகத் தொடும்படி செய்ய வேண்டும். காலிப்பர் இங்கேதான் தேவை. ஹீட் சிங்குக்கும் சுவருக்கும் இடையில் கால் மில்லிமீட்டர் காற்று இருந்தாலும் சூடு தேங்கும்.

டிரைவரில் மிக எளியது ஏஎம்சி7135 சிப்புகள் கொண்டது. ஒவ்வொரு சிப்பும் சுமார் 350 மில்லி ஆம்பியரை விடும், மூன்று சிப் வைத்தால் ஒரு ஆம்பியரைச் சற்றுத் தாண்டும். ஒற்றை லித்தியம் செல்லுக்கு இது கச்சிதம். மிஞ்சிய வோல்டேஜைச் சூடாக மாற்றித் தொலைக்கும் வகை என்பதால், இரண்டு செல் தொடருக்கு இதைப் போடக் கூடாது.

எத்தனை ஆம்பியர் வைப்பது என்று கேட்டால், பழைய உடலுக்கு ஒரு ஆம்பியர் என்பேன். மூன்று வாட், நல்ல எல்இடியில் சுமார் 300 லூமன். மூல பல்பைவிட முப்பது மடங்கு. சுவிட்ச் தாங்கும், உடல் வெதுவெதுப்போடு நின்றுவிடும். இதற்கு மேல் போனால் எஃகு ஸ்பிரிங்குக்கு மேல் செம்புக் கம்பியால் மாற்றுப்பாதை சால்டர் செய்ய வேண்டும், சுவிட்சையும் மாற்ற வேண்டும், அதற்குள் அது பழைய டார்ச்சாகவே இருக்காது. ஆயிரம் லூமன் தேவைப்படுகிறவர் புது டார்ச் வாங்கிக்கொள்வது நல்லது.

செல் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். 18650 என்ற லித்தியம் செல் 18 மி.மீ. அகலம், 65 மி.மீ. நீளம். டி அளவு (பெரிய டார்ச் செல்) செல்லுக்கான குழாயோ சுமார் 34 மி.மீ. அகலம். நடுவே பிவிசி குழாய் உறையும், மீந்த நீளத்துக்கு உலோக வெற்றுச் செல்லும் வைக்க வேண்டும். பாதுகாப்பு சர்க்யூட் உள்ள ஒற்றைச் செல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இறுக மூடிய உலோகக் குழாய்க்குள் பொருந்தாத இரண்டு லித்தியம் செல்களைத் தொடராக வைத்தால், பலவீனமான செல் எதிர்த் திசையில் ஓட்டப்பட்டு வாயு கக்கும். வாயு வெளியேற வழியில்லாத குழாய் வெடிக்கும். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்தெடுத்த செல்களை இதில் போடவே கூடாது.

மறைந்த செலவு என்றால் கருவிகள், சோதனையில் கருகும் டிரைவர், நல்ல சார்ஜர் ஆகியவை. இவை பெரும்பாலும் டார்ச்சின் மதிப்பைத் தாண்டிவிடும். அறுத்த டார்ச்சைச் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் தொட மாட்டார்கள் என்பதும் செலவுதான். இதற்கு ஒரு மாற்று, ரிஃப்ளெக்டரை அறுக்காமல் வேறு ரிஃப்ளெக்டரை உள்ளே வைப்பது. மூல ரிஃப்ளெக்டரும் ஹோல்டரும் டப்பாவில் பத்திரமாக இருக்கும், கற்றையும் எல்இடிக்கு ஏற்றதாக அமையும். நேரம் கூடுதலாகும், இருந்தாலும் எல்லோருக்கும் இதையே சொல்வேன்.

இதுவே சிறந்தது: தடித்த அலுமினிய உடல், நிறைய உற்பத்தியான மாடல், மூல உறுப்புகள் ஏற்கெனவே உடைந்தோ காணாமலோ போன நிலை.

## ஒரே பார்வையில்

| | இழை பல்போடு காப்பது | எல்இடி பல்பு | மாற்றிக் கட்டுவது |
|---|---|---|---|
| பழைய நிலைக்குத் திரும்புதல் | திரும்பத் தேவையே இல்லை | பல்பை மாற்றினால் போதும் | வெட்டாமல் செய்தால் மட்டும் |
| வெளிச்சம் | 10 லூமனிலிருந்து சில பத்து வரை | சுமார் 50 முதல் 150 லூமன் | 300 லூமன் வசதியாக |
| கற்றை | வடிவமைத்தபடி | பெரும்பாலும் சிதறும் | ரிஃப்ளெக்டர் மாற்றினால் நன்று |
| சூடு | பிரச்சினை இல்லை | ஒரு வாட் வரை சரி | ஹீட் சிங்க் கட்டாயம் |
| பொருத்தமான செல் | நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு | நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு | பாதுகாப்புள்ள ஒற்றை லித்தியம் |
| மறைந்த செலவு | மாற்று பல்பு | மறந்துபோன செல்லின் கசிவு | கருவி, சார்ஜர், சேகரிப்பு மதிப்பு |
| திறமை | துடைக்கும் பொறுமை | வோல்டேஜ் படிக்கத் தெரிதல் | சால்டரிங், அளவெடுத்தல் |

அட்டவணையில் ஆல்கலைன் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். அது வேண்டுமென்றே செய்தது. மாதக்கணக்கில் எடுக்காத டார்ச்சில் ஆல்கலைன் செல்லை விட்டு வைக்க நான் எவருக்கும் சொல்ல மாட்டேன். ஏஏ அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லை டி அளவு உறையில் வைத்துப் பயன்படுத்தலாம். 2000 மில்லி ஆம்பியர் மணி செல் அரை ஆம்பியர் பல்பை நான்கு மணி நேரம் எரிக்கும். டி ஆல்கலைன் செல்லை ஒப்பிட்டால் இது குறைவுதான். ஆனால் இந்த வகை செல் ஒழுகுவது மிக அரிது.

## சில குறிப்பிட்ட டார்ச்சுகள்

மேக்லைட் டி செல் வகை. 1979-இல் வந்த, அனோடைஸ் செய்த தடித்த அலுமினிய உடல். மூன்றாவது வழிக்கு இதைவிடத் தோதான உடல் கிடைப்பது அரிது. உதிரிகளும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் தலையைத் திருகிக் குவியம் மாற்றும் அமைப்பு ரிஃப்ளெக்டரின் அடிக்கழுத்தில்தான் இருக்கிறது. அதைத்தான் முதலில் அறுக்கிறார்கள். அறுக்க வேண்டும் என்றால் தனியே ஒரு ரிஃப்ளெக்டர் வாங்கி அதை அறுங்கள். வால்மூடியின் மரையையும் ஓ-ரிங்கையும் துடைத்து சிலிக்கான் கிரீஸ் தடவ மறக்காதீர்கள்.

1984-இல் வந்த மினி மேக்லைட். பல்பு இரண்டு மெல்லிய கம்பிக் கால்களோடு நிற்கும். இதற்கு இரண்டாவது வழி. உள்ளே கட்டுவதற்கு இடமே போதாது.

வளைந்த தலை கொண்ட ராணுவ டார்ச். பெரும்பாலும் பிளாஸ்டிக் உடல், தலை பக்கவாட்டில் பார்க்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து டிஎல்-122 வரிசையும், பின்னால் வந்த எம்எக்ஸ்-991 வரிசையும் இப்படிப்பட்டவை. வெப்பம் போக வழியில்லை என்பதால் மூன்றாவது வழியை மறந்துவிடுங்கள். முந்தையதை இழை பல்போடு காப்பதும், பிந்தையதில் அரை வாட் எல்இடி பல்பு போட்டு உபயோகிப்பதும் சரி.

முலாம் பூசிய தகர டார்ச். உடலில் காந்தம் ஒட்டினால் எஃகுத் தகரம், ஒட்டாவிட்டால் பெரும்பாலும் பித்தளை. தகரத்தில் முலாம் ஓரிடத்தில் பெயர்ந்திருந்தால் துரு அங்கிருந்து உள்ளே பரவும். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் மிச்ச முலாமும் போகும். துருவை மட்டும் எடுத்துவிட்டு மெழுகு தடவி நிறுத்துங்கள். பல்பு எந்த வகையானாலும் பரவாயில்லை. இதில் உடலைக் காப்பதுதான் பெரிய வேலை.

அழுகிய செல் உள்ளே இறுகி, எந்த வழியிலும் வராத டார்ச். இதற்கு மூன்று வழியும் இல்லை. தலையைக் கழற்றி ரிஃப்ளெக்டர், கண்ணாடி, ஹோல்டர், சுவிட்சுக் குமிழ் எல்லாவற்றையும் எடுத்து, மாடலின் பெயரை எழுதிய உறையில் போட்டு வையுங்கள். இதே மாடலில் நல்ல உடலோடு, உடைந்த கண்ணாடியோடு ஒன்று கைக்கு வரும்போது அது தேவைப்படும்.